முத்துக்கடல் காவல் – 17: அடிவானத்துக்குக் கீழே வருவது

சென்ற அத்தியாயத்தை 1914 செப்டம்பர் 22 இரவோடு நிறுத்தியிருந்தோம். ஜெர்மானியக் கப்பல் எம்டன் சென்னைக் கரையருகே வந்து நின்றது, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்தியது, கோட்டைப் பக்கத்துப் பீரங்கிகள் குறிபார்த்து முடிப்பதற்குள் இருட்டில் கலந்துவிட்டது. அன்று வந்த பகைக்கு உருவம் இருந்தது. மனிதர்கள் ஏறியிருந்த கப்பல் அது. கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்கு வந்தாக வேண்டிய கட்டாயமும் அதற்கு இருந்தது. இந்த அத்தியாயத்தில் நாம் பார்க்கப்போகிற பகைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் ஏவப்பட்டு, அலைகளுக்கு மேலே பத்துப் பதினைந்து மீட்டர் உயரத்தில், ஆளே இல்லாமல் வருகிற குரூஸ் ஏவுகணை அது.

பாலிஸ்டிக் ஏவுகணைக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். பாலிஸ்டிக் ஏவுகணை வானத்தை நோக்கி எழும்பி, வளைந்து இறங்கும். அதன் வேகம் பயங்கரமானது. ஆனால் அத்தனை உயரம் ஏறுவதாலேயே தொலைவிலிருந்து தெரிந்துவிடும். குரூஸ் ஏவுகணை ஆளில்லாத சிறு விமானம் போன்றது. சிறகும் எஞ்சினும் உண்டு. போகும் வழியில் திரும்பும், சுற்றிக்கொண்டு வரும், நிலத்தின் மேடுபள்ளத்தை ஒட்டியே பறக்கும். நாட்டைக் காக்கிறவர்களை இது திணறடிப்பதற்குக் காரணம் வேகமோ வெடிமருந்தோ அல்ல, பூமி உருண்டை என்பதுதான்.

தூத்துக்குடியிலிருந்து கடலுக்குப் போகிற எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. வள்ளம் கிழக்கே போகப் போக முதலில் கரை மறையும், பிறகு பனைகள் மறையும், கடைசிவரை தெரிவது பனிமய மாதா கோயிலின் கோபுரம். அதுவும் மூழ்கிய பிறகு பார் (கடலடிப் பாறைத்திட்டு) எங்கே இருக்கிறது என்பதை நீரின் நிறத்தையும் ஆழத்தையும் வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ரேடாரின் கண்ணும் இப்படித்தான். அதன் அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் போகின்றன. கடலின் வளைவுக்கு அப்பால் தாழ இருப்பது அதற்குத் தெரியாது. 30 மீட்டர் உயரக் கோபுரத்தின் உச்சியில் ரேடார் இருக்கிறது, ஏவுகணை 10 மீட்டர் உயரத்தில் வருகிறது என்று வைத்துக் கணக்குப் போட்டால், இரண்டுக்கும் இடையே 35 கிலோமீட்டர் இருக்கும்போதுதான் முதல்முதலாக அது கண்ணில் படும். ஒலியைவிடச் சற்றே குறைந்த வேகத்தில் வருகிற ஏவுகணை அந்தத் தூரத்தைக் கடக்க இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். ஒலியைவிட வேகமாகப் பறக்கும் பிரமோஸ் போன்றதற்கு 40 விநாடிகூட வேண்டாம். அதற்குள் கண்டு, அது மீன்பிடிப் படகின் எதிரொலியோ பறவைக் கூட்டமோ நம் விமானமோ அல்ல என்று தெளிந்து, உத்தரவு வாங்கி, எதிர் ஏவுகணையை விட்டு, அது போய் மோதவும் வேண்டும்.

இந்தக் கரையில் வேறு சில சங்கடங்களும் உண்டு. கச்சான் காற்று பலமாக அடிக்கும் மாதங்களில் அலைகளே ரேடார் திரையில் புள்ளிபுள்ளியாகத் தெரியும். கயத்தாறிலிருந்து முப்பந்தல்வரை நிற்கும் காற்றாலைகளின் சுழலும் இறக்கைகள், நகரும் பொருளைப் போலவே எதிரொலிக்கும். வெப்பக் கடலின் மேல் ஈரக்காற்று அடுக்காகப் படியும் நாட்களில் ரேடார் அலை அந்த அடுக்குக்குள் சிக்கி, கடலோடு வளைந்து வெகுதூரம் போய்விடுவதும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் பம்பாயில் இருந்த ஒரு ரேடாருக்கு ஆயிரம் மைலுக்கு அப்பாலுள்ள அரேபியக் கரை தெரிந்தது. ஒருநாள் தெரியும், மறுநாள் தெரியாது. அதை நம்பிக் காவல் போட முடியாது.

மன்னார் வளைகுடா இந்தச் சிக்கலை மூன்று முறை நேரில் கண்டிருக்கிறது. அந்த மூன்றையும் வரிசையாகச் சொல்கிறேன். ஏனென்றால் ஒவ்வொரு முறையும் இல்லாமற்போனது வேறு ஒன்று.

முதலாவது 1942. தூத்துக்குடியிலிருந்து நேர்கோட்டில் 275 கிலோமீட்டர் அளவிலேயே கொழும்பு இருக்கிறது, வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல்கள் ஓடிய அதே வழி. சிங்கப்பூர் விழுந்த பிறகு கொழும்புதான் பிரிட்டிஷ் கடற்படைக்குப் பெரிய புகலிடம். ஏப்ரல் 4 அன்று மாலை, காலேக்கு அருகிலுள்ள கொக்கலையிலிருந்து கிளம்பிய கேட்டலினா ரோந்து விமானம் ஒன்று தென்கிழக்கே நெடுந்தூரம் போயிருந்தது. அதை ஓட்டியவர் கனடாவைச் சேர்ந்த லெனர்ட் பர்ச்சால். தளபதி நகுமோவின் ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பற்படை கொழும்பை நோக்கி வருவதை அவர் கண்டார். சுட்டு வீழ்த்தப்படுவதற்கு முன் அவரது குழு வானொலியில் செய்தி அனுப்பிவிட்டது. அந்த ஒரு செய்தியால்தான் கொழும்புத் துறைமுகத்தில் நெருங்கி நின்ற கப்பல்களில் பெரும்பாலானவை இரவோடு இரவாக வெளியே போக முடிந்தது.

ஆனால் மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு காலையில் நடந்ததைப் பாருங்கள். பகை வருவது தெரியும். கொழும்பில் ரேடாரும் இருந்தது, வேலை செய்யும் நிலையில் இருந்தது. இருந்தும் நூற்றுக்கு மேற்பட்ட ஜப்பானிய விமானங்கள் தலைக்கு மேல் வந்த பிறகுதான் ரத்மலானை விமானத் தளத்தில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது. ஹரிக்கேன் போர் விமானங்கள் குண்டுமழைக்கு நடுவே மேலெழும்ப வேண்டியதாயிற்று. துறைமுகத்தில் ஹெக்டர், டெனெடாஸ் என்ற இரு கப்பல்கள் மூழ்கின. அன்று பகலில் கடலில் வைத்துக் கார்ன்வால், டார்செட்ஷயர் என்ற இரு பெரிய போர்க்கப்பல்களும் அழிந்து, 424 பேர் இறந்தார்கள். கருவி இருந்தது, கருவியிலிருந்து ஓடுதளத்துக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. ஏன் சேரவில்லை என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடுகிறார்கள்.

இரண்டே ஆண்டுகளில் லண்டன் இதற்குப் பதில் கண்டது. 1944 ஜூன் 13 அதிகாலையில் உலகின் முதல் குரூஸ் ஏவுகணையான ஜெர்மனியின் வி-1 இங்கிலாந்துக் கரையைத் தாண்டியது. தெற்குக் கரையில் டிம்சர்ச் என்ற ஊரின் பழைய காவல் கோபுரத்தில் நின்ற தன்னார்வக் கண்காணிப்பாளர்கள்தான் அதைக் கண்டு தொலைபேசியில் சொன்னவர்கள். முதல் வாரங்களில் சேதம் மிக அதிகம். லண்டனைச் சுற்றி இருந்த விமான எதிர்ப்புப் பீரங்கிகள் வி-1ஐச் சுட்டால் அது ஊருக்குள்ளேதான் விழுந்து வெடித்தது. ஜூலை நடுவில் பீரங்கிகள் மொத்தத்தையும் பெயர்த்துக் கடற்கரைக்குக் கொண்டுபோனார்கள். குறியைத் தானே தொடரும் புதிய ரேடாரும், இலக்குக்கு அருகே போனதும் தானே வெடிக்கும் குண்டும் அப்போதுதான் வந்து சேர்ந்தன. ஆகஸ்ட் 28 அன்று வந்த 90க்கும் மேற்பட்டவற்றில் நான்கே லண்டனை எட்டின. அப்படியும் மொத்தக் கணக்கில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் பிரிட்டனில் வி-1ஆல் மாண்டார்கள். தடுக்க முடியும் என்பதற்கும் முழுதாகத் தடுக்க முடியாது என்பதற்கும் ஒரே சான்று அதுதான்.

நம் கடலுக்கு இந்தச் சிக்கல் மறுபடி வந்தது 2007இல். மார்ச் 26 நள்ளிரவு தாண்டிய வேளையில், விடுதலைப் புலிகளின் வான்பிரிவைச் சேர்ந்த இரண்டு சிறு விமானங்கள் கொழும்புக்கு வடக்கேயுள்ள கட்டுநாயக்க விமானப்படைத் தளத்தில் குண்டு போட்டுவிட்டுத் திரும்பிப் போயின. மூன்று படைவீரர்கள் இறந்தார்கள். வந்தவை செக் நாட்டுச் சிலின்-143 விமானங்கள். நான்கு பேர் உட்காரும் பயிற்சி விமானம், ஒற்றை விசிறி, மணிக்கு 300 கிலோமீட்டர்கூட எட்டாது. அவற்றில் மனிதர்கள் இருந்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் காவல் காப்பவருக்கு அவை கொடுத்த சிக்கல் அப்படியே குரூஸ் ஏவுகணையின் சிக்கல்: சிறிய உடம்பு, தாழ்ந்த உயரம், இரவு, எதிர்பாராத திசை, ரேடாரில் தோன்றி மறையும் புள்ளி. ஜெட் விமானங்கள் தேடிப் போனபோதும், சிறு எஞ்சினின் குறைந்த வெப்பத்தைத் தொடர்ந்து போய்த் தாக்குவது அவற்றின் ஏவுகணைகளுக்கு எளிதாக இருக்கவில்லை.

ஏப்ரல் 28 இரவு பார்படாஸில் உலகக் கோப்பைக் கிரிக்கெட் இறுதி ஆட்டம். இலங்கை ஆடிக்கொண்டிருக்கிறது, கொழும்பு விழித்திருக்கிறது. விடியுமுன் விமானங்கள் வந்தன. நகரின் மின்சாரத்தை நிறுத்தினார்கள். எங்கே இருக்கிறது என்று தெரியாத ஒன்றை நோக்கி எல்லாத் துப்பாக்கிகளும் வானத்தைச் சுட்டன. எண்ணெய்க் கிடங்குகள் குறிவைக்கப்பட்டன, பொருட்சேதம் பெரிதில்லை. அதற்கு இரண்டு நாள் முன்பு, வராத விமானத்துக்கே கொழும்பு விளக்குகளை அணைத்திருந்தது. வெளிநாட்டு விமான நிறுவனங்கள் சில கொழும்புச் சேவையை நிறுத்திவைத்தன. நாட்டில் அன்றிருந்த ஒரே பன்னாட்டு விமான நிலையம் சிலகாலம் இரவில் மூடப்பட்டது. குண்டின் எடையால் அளக்க முடியாத இழப்பு இது. பாதுகாப்பு பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அழிந்த கட்டடங்களைத்தான் எண்ணுகிறார்கள். ஒரு தீவு இரவெல்லாம் வானத்தைப் பார்த்துக் காது கொடுத்திருந்ததை யாரும் எண்ணுவதில்லை.

தாழப் பறப்பதைக் காண்பதற்கென்றே டி.ஆர்.டி.ஓ. வடிவமைத்த இந்திரா ரேடாரை இந்தியா இலங்கைக்குக் கொடுத்திருந்தது. அது திசையையும் தூரத்தையும் சொல்லும், உயரத்தைச் சொல்லாது. உயரமும் சொல்லும் ரேடாரை இலங்கை சீனாவிடம் வாங்கியது. தில்லிக்கு அது பிடிக்கவில்லை. 2008 செப்டம்பர் 9 அன்று வவுனியா தளம் தாக்கப்பட்டபோது அங்கிருந்த இந்திரா ரேடார் சேதமடைந்தது, அதைப் பராமரிக்கச் சென்றிருந்த இந்தியத் தொழில்நுட்பர் இருவர் காயமடைந்தார்கள். அப்போதுதான் இந்தியாவில் பலருக்கு நம்மவர் அங்கிருப்பதே தெரியவந்தது. கடைசித் தாக்குதல் 2009 பிப்ரவரி 20 இரவு. இரண்டு விமானங்கள் வந்தன. ஒன்று கொழும்பில் உள்நாட்டு இறைவரித் திணைக்களக் கட்டடத்தில் மோதியது, மற்றது கட்டுநாயக்க அருகே வீழ்ந்தது. ஏறத்தாழ இரண்டு ஆண்டு, பல ரேடார்கள், புதிய போர் விமானங்கள், நகரெங்கும் துப்பாக்கிகள். இவ்வளவுக்குப் பிறகும் இரண்டும் தலைநகரின் எல்லைக்குள் வந்துவிட்டன.

மேற்சொன்ன மூன்றில் 1942இல் செய்தி போய்ச் சேரவில்லை. 2007இல் தாழ வந்ததைத் தொடர்ந்து பார்க்கும் கண் இல்லை. 2009இல் கண் இருந்தது, சுடுவதற்கு ஊருக்கு வெளியே இடமும் நேரமும் கிடைக்கவில்லை. ஆயுதம் இல்லாததால் தோற்றது ஒன்றுகூட இல்லை. புதிய ஏவுகணை எதிர்ப்பு அமைப்பு ஒன்று வாங்கப்படும் செய்தி வரும்போதெல்லாம் நாம் அதன் வீச்சைக் கேட்கிறோம், விலையைக் கேட்கிறோம். அதற்கு யார் கண்ணாக இருக்கிறார்கள், அந்தக் கண் பார்த்ததை எத்தனை விநாடியில் சொல்லும் என்று கேட்பதில்லை. நான் இந்த அத்தியாயத்தை எழுத உட்கார்ந்ததே அந்தக் கேள்விக்காகத்தான்.

எதிராளியின் பக்கத்திலிருந்தும் இதைப் பார்க்கலாம். அந்தப் பக்கத்தில் இந்தியாவே இருந்திருக்கிறது. 1971 டிசம்பர் 4 இரவு கராச்சிக்கு வெளியே நம் ஏவுகணைப் படகுகள் விட்ட சோவியத் ஏவுகணை பாகிஸ்தானின் கைபர் கப்பலைத் தாக்கியது. விமானம் தாக்கிவிட்டது என்று கைபர் செய்தி அனுப்பியது. அடித்தது என்ன என்று அறியாமலேயே அது மூழ்கியது. இன்று பிரமோஸ் பொருத்திய சுகோய் விமானங்களின் 222ஆம் படைப்பிரிவு 2020 ஜனவரி முதல் தஞ்சாவூரில் இருக்கிறது. நம்மிடம் இருப்பதைப் போன்றது பிறரிடமும் இருக்கும் என்று எண்ணித்தான் கரையைக் காக்க வேண்டும்.

பிறரிடம் இருக்கிறது. பாகிஸ்தான் 2017 ஜனவரியில் பாபர்-3 ஏவுகணையை நீருக்கடியிலிருந்து ஏவிப் பார்த்தது. சீன நீர்மூழ்கிக் கப்பல் 2014இல் கொழும்பில் வந்து நின்றது. நீர்மூழ்கியிலிருந்து ஏவலாம் என்றானதும் எல்லை என்ற சொல்லுக்கே பொருள் மாறிவிடுகிறது. வடமேற்கே தொலைவில் இருந்த பகை, தெற்கே கடலுக்குள்ளிருந்து கிளம்பலாம். 2019 செப்டம்பர் 14 அன்று சவூதி அரேபியாவின் அப்கைக் எண்ணெய் ஆலையில் விழுந்ததும் இப்படி எதிர்பாராத திசையிலிருந்து வந்த அடிதான். தெற்கே யேமனை நோக்கியே கவனமாக இருந்த நாட்டை டிரோன்களும் குரூஸ் ஏவுகணைகளும் வடக்கிலிருந்து வந்து அடித்தன. அந்நாட்டின் எண்ணெய் உற்பத்தியில் ஏறத்தாழப் பாதி அன்றே நின்றுபோனது. கோடிகோடியாய்க் கொட்டி வாங்கிய அமெரிக்கப் பேட்ரியட்டுகள் அங்கே இருந்தன.

இந்தியாவின் எஸ்-400 அமைப்புகள் பெரும்பாலும் மேற்கையும் வடக்கையும் நோக்கியே வைக்கப்பட்டிருக்கின்றன. அதற்குக் காரணமும் உண்டு, குறைசொல்ல மாட்டேன். ஆனால் தூத்துக்குடியைச் சுற்றி என்ன இருக்கிறது என்று பாருங்கள். 1974இல் பெருந்துறைமுகமான வ.உ.சி. துறைமுகம், அதை ஒட்டியே 1050 மெகாவாட் அனல்மின் நிலையம், எண்ணெய்த் தொட்டிகள், தெற்கே குலசேகரப்பட்டினத்தில் எழும் ராக்கெட் ஏவுதளம், அதற்கும் தெற்கே கூடங்குளம் அணுமின் நிலையம், உள்ளே விஜயநாராயணத்தில் நீர்மூழ்கிகளோடு பேசும் ஐ.என்.எஸ். கட்டபொம்மன். நூறு கிலோமீட்டருக்குள் இத்தனை.

மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு இந்தக் கரையில் கண்கள் கூடின என்பது உண்மை. கலங்கரை விளக்கங்களில் கண்காணிப்பு ரேடார்கள் வைத்தார்கள், மீனவர்களுக்கு அடையாள அட்டை கொடுத்தார்கள், ‘சாகர் கவச்’ ஒத்திகை நடத்துகிறார்கள். ஆனால் இவை எல்லாம் தண்ணீரில் மிதந்து வருகிறவனைப் பிடிப்பதற்கு. விமானப்படையின் ரேடார்கள் உயரே வருவதைப் பார்ப்பதற்கு. இரண்டுக்கும் நடுவே, அலைக்கு மேல் சில மீட்டரிலிருந்து சில நூறு மீட்டர்வரை உள்ள வெளிதான் குரூஸ் ஏவுகணையின் பாதை.

அந்த வெளியைப் பார்க்கச் சிறந்த இடம் வானமே. ஒன்பதாயிரம் மீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்தில் ரேடாரை வைத்தால் 35 கிலோமீட்டர் 400 கிலோமீட்டராகிவிடும். நம்மிடம் ஃபால்கன் மூன்றும், உள்நாட்டில் உருவான நேத்ராவும் இருக்கின்றன. எண்ணிக்கை மிகக் குறைவு, ஒரு விமானம் இரவு பகலாக ஒரே இடத்தில் சுற்ற முடியாது. அதற்கு மாற்றாகக் கயிற்றில் கட்டிய பெரிய பலூனில் ரேடாரை ஏற்றுவதுண்டு. அமெரிக்கா தன் தலைநகரைக் குரூஸ் ஏவுகணையிலிருந்து காக்க அப்படி ஒன்றை மேரிலாந்தில் கட்டியது. 2015 அக்டோபர் 28 அன்று அது கயிற்றை அறுத்துக்கொண்டு பென்சில்வேனியாவரை மிதந்து போனது. தொங்கிய கயிறு மின்கம்பிகளை அறுத்து ஆயிரக்கணக்கான வீடுகள் இருண்டன. வடகிழக்குப் பருவப் புயல்கள் வந்துபோகும் நம் கரையில் பலூனைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

உக்ரைன் வேறு வழியில் போனது. கைபேசிக் கோபுரங்களிலும் கம்பங்களிலும் ஆயிரக்கணக்கான ஒலிவாங்கிகளைப் பொருத்தி, வருகிற எஞ்சினின் சத்தத்தைக் கேட்கிறார்கள். 2022 அக்டோபரிலிருந்து சாதாரண மக்களும் கைபேசிச் செயலியில் ஏவுகணை பறக்கும் திசையைச் சுட்டி அனுப்புகிறார்கள். டிம்சர்ச் கோபுரத்தில் நின்றவர்களின் வேலைதான் அது. நம் கரையில் அந்த வேலையைச் செய்யக்கூடியவர்கள் ஏற்கெனவே கடலில் இருக்கிறார்கள். வேம்பார் முதல் மணப்பாடுவரை எத்தனை வள்ளங்கள், எத்தனை விசைப்படகுகள்! ரேடாரின் அடிவானத்துக்கு அப்பால் இரவு முழுதும் விழித்திருப்பவர்கள் அவர்களே. இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர் கருவி இப்போது படகுகளில் ஏறிவருகிறது. செயற்கைக்கோள் வழியாகக் கரைக்குச் செய்தி அனுப்பவும் வாங்கவும் அதில் முடியும். கடலோரக் காவல் குழுமத்துக்கு 1093, கடலோரக் காவல்படைக்கு 1554 என்று எண்களும் உண்டு. ஆனால் சந்தேகமான படகைச் சொல்லத்தான் மீனவருக்குச் சொல்லித்தந்திருக்கிறோம். தாழப் பறக்கும் ஒன்றைக் கண்டால் எப்படிச் சொல்வது, அந்தச் செய்தி எந்த மேசைக்கு எத்தனை விநாடியில் போகும் என்று யாரும் சொல்லித்தரவில்லை. வேகமான பிரமோஸ் வகைக்கு இது பயன்படாது. மெதுவாக வருகிற குரூஸ் ஏவுகணைக்கும் டிரோனுக்கும் பயன்படும். எல்லை தாண்டினான் என்று ஒரு பக்கமும், அடையாள அட்டை எங்கே என்று இன்னொரு பக்கமும் மறிக்கப்படுகிற மனிதனிடம் இதைக் கேட்பதற்கு முன், அவனை மதிக்கவும் கற்றாக வேண்டும். அந்த மதிப்பைப் பாதுகாப்புச் செலவாகவே நான் கருதுகிறேன்.

2025 ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையில் பிரதமர் அறிவித்த சுதர்சன சக்கரத் திட்டம், 2035க்குள் நாட்டின் முக்கிய இடங்களுக்கெல்லாம் வான் கவசம் என்கிறது. தமிழ்நாட்டுக் கரை மட்டுமே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். எல்லா இடத்தையும் காக்க முடியாது. 2024 ஏப்ரலில் ஒரே இரவில் ஈரான் அனுப்பிய 30க்கும் மேற்பட்ட குரூஸ் ஏவுகணைகளில் ஒன்றுகூட இஸ்ரேலுக்குள் வரவில்லை என்று அந்நாட்டு ராணுவம் சொன்னது. ஆனால் அவை நெடுந்தூரம் பறந்து வரவேண்டியிருந்தது, வருவது முன்பே தெரிந்திருந்தது, பல நாடுகளின் விமானங்கள் வழியிலேயே காத்திருந்தன. அத்தனையும் கூடிவரும் இரவுகள் குறைவு. ஆகவே எதைக் காப்பது, எதை அடிபட்டாலும் சீக்கிரம் எழுந்துநிற்கும்படி கட்டுவது என்று தேர்ந்தெடுத்தாக வேண்டும். துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைப் பரப்பிக் கட்டுவதும், மாற்று மின்வழி வைத்திருப்பதும்கூடக் காவல்தான். எம்டன் எரித்தது ஒரே இடத்தில் கூட்டிவைத்த எண்ணெயைத்தானே.

கூடங்குளத்துக்கு மட்டும் வேறொரு வேலி உண்டு. 1988 டிசம்பர் 31 அன்று ராஜீவ் காந்தியும் பெனசீர் பூட்டோவும் ஆட்சியில் இருந்தபோது, ஒருவர் அணுநிலையங்களை மற்றவர் தாக்குவதில்லை என்று இந்தியாவும் பாகிஸ்தானும் கையெழுத்திட்டன. 1992 முதல் ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும், போர் நடந்த ஆண்டுகளிலும்கூட, இரு நாடுகளும் தத்தம் அணுநிலையங்களின் பட்டியலைக் கைமாற்றிக்கொள்கின்றன. சீனாவுடன் நமக்கு அப்படி ஓர் உடன்படிக்கை இல்லை. துறைமுகங்களுக்கும் அனல்மின் நிலையங்களுக்கும் யாருடனும் இல்லை.

விஜயநாராயணத்தின் உயர்ந்த கோபுரங்கள் கடலுக்கடியில் என்ன பேசுகின்றன என்பதை அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

(தொடரும்)